ஃபீட்: ஊட்டமா, ஓடையா?

மும்பையை ஒட்டிய டோம்பிவிலியில் ரயிலேறினால் தாதரில் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். உட்கார இடம் கிடைக்கிற நாளில் ஃபோனை எடுத்து, நான் பின்தொடரும் வலைப்பதிவுகளும் செய்தித்தளங்களும் வந்து சேரும் செயலியைத் திறப்பேன். மேல் மூலையில் ஓர் எண் நிற்கும்: படிக்காதவை 1,846. போன வாரம் தோளுக்கு மேலாக அதை எட்டிப் பார்த்த திருநெல்வேலிக்கார நண்பர், "என்ன அண்ணாச்சி, இவ்வளவு பாக்கி வச்சிருக்கீங்க?" என்றார்.

பாக்கி. கடைக்காரர் நோட்டைப் புரட்டிக் கேட்பது மாதிரி இருந்தது. யாரிடமும் நான் கடன் வாங்கவில்லையே, பிறகு ஏன் அந்த எண்ணைப் பார்த்தால் குற்றவுணர்ச்சி வருகிறது? 'ஃபீட்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பாதி விடை கிடைக்கிறது.

ஆங்கிலத்தில் ஃபீட் என்றால் முதற்பொருள் உணவு கொடுத்தல். 'ஃபூட்' அதன் உடன்பிறப்பு. குழந்தைக்குச் சோறு கொடுப்பதும் ஃபீட், மாட்டுக்கு வைக்கும் தீவனமும் ஃபீட். ஆலைகள் வந்தபின் இயந்திரத்துக்குள் மூலப்பொருளை விடாமல் தள்ளுவதற்கும், ஒலிபரப்பு வந்தபின் ஒரு நிலையத்துக்கு இன்னொரு நிலையம் அனுப்பும் நிகழ்ச்சிக்கும் அதே சொல் ஆகிவந்தது. அங்கிருந்து இணையத்துக்கு வந்துவிட்டது.

இணைய ஃபீடுகளில் பெயர்பெற்றது ஆர்எஸ்எஸ். (மும்பையில் இந்த மூன்றெழுத்தைச் சொன்னால் எல்லோருக்கும் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல.) 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்டது; உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா சென்னை ஐஐடியில் படித்தவர். ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தலைப்பு, சுட்டி, சுருக்கத்தோடு எழுதிவைக்கும் சிறு கோப்புதான் அது. 'ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்' என்ற இன்றைய விரிவு 2002இல் வந்தது. அதற்கு முன் அதே எழுத்துகளுக்கு வேறு விரிவுகள் இருந்தன.

தமிழில் இதற்குச் சொல் ஆக்கும் வேலையைப் பெரும்பாலும் வலைப்பதிவர்களே செய்தார்கள். தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் தளம் 2004இல் தொடங்கியது. அந்தச் சில ஆண்டுகளில் புழங்கி நிலைத்த சொற்களைப் பாருங்கள்: இடுகை (பதிவில் எழுதிப் போடும் ஒவ்வொன்றும்), திரட்டி (பல தளங்களில் வருவதை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் செயலி அல்லது தளம்), பின்னூட்டம், ஓடை. கடைசி இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். 'ஃபீட்பேக்' பின்னூட்டம் ஆனது. அங்கே ஃபீட் என்பது ஊட்டம். அதே ஃபீட் தனியாக வந்தபோது செய்தியோடை, ஓடை. ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டு வழிகளில் போய்விட்டது.

நேர்மொழிபெயர்ப்பு வேண்டும் என்றால் ஊட்டம்தான் சரி. காண் என்பதிலிருந்து காட்டு வந்ததுபோல, உண் என்பதிலிருந்து ஊட்டு வந்தது. உண்பவர் ஒருவர், உண்ணவைப்பவர் இன்னொருவர். சிக்கலும் அதில்தான் இருக்கிறது. ஊட்டுகிற கை எதிரே இருக்கும்போது வாயை மூடிக்கொள்ள நம் ஆட்களுக்கு வராது. இலையில் போட்டதை மிச்சம் வைத்தால் பாட்டி முகம் சுளிப்பார் என்று பழகிய கூட்டம் நாம். 1,846 என்பது எனக்கு எச்சில் இலையாகத் தெரிகிறது. அந்த நண்பருக்குப் பாக்கியாகத் தெரிந்தது.

ஓடை என்றால் கதையே வேறு. ஓடுவதால் ஓடை. (சங்கப் பாடல்களில் யானையின் நெற்றிப்பட்டத்துக்கும் ஓடை என்று பெயர் உண்டு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) கரையில் நிற்பவன் வேண்டிய அளவு அள்ளிக் குடிக்கலாம், மீதி தன் போக்கில் போகும். ஓடைத் தண்ணீர் முழுவதையும் குடிக்கவில்லையே என்று யாரும் வருந்தியதில்லை.

இது வெறும் அழகுக்குச் சொல்வதல்ல. அந்தக் கோப்பு வேலை செய்கிற விதமும் இதுதான். வலைப்பதிவு நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: நாமாக மாற்றாவிட்டால், ஓடைக் கோப்பில் கடைசி 10 இடுகைகள் மட்டும் இருக்கும். பதினோராவது வந்தால் பழையது ஒன்று நழுவிவிடும். ஓடை எதையும் தேக்குவதில்லை. தேக்குவது திரட்டி. எங்கள் கட்டடத்தில் காலை ஐந்தரைக்கு மாநகராட்சித் தண்ணீர் வரும்போது, தேவை இருக்கிறதோ இல்லையோ, டிரம், வாளி, குக்கர் வரைக்கும் பிடித்து வைப்பார்களே, அதுபோல ஒவ்வொரு ஓடைக்கும் கீழே ஒரு பாத்திரம் வைத்து, மேலே 'படிக்காதவை' என்று எண்ணும் எழுதிவிடுகிறது. 2002இல் வந்த நெட்நியூஸ்வயர் போன்ற திரட்டிச் செயலிகள் மின்னஞ்சல் செயலியின் தோற்றத்தை எடுத்துக்கொண்டன. மின்னஞ்சல் நமக்கென்று ஒருவர் எழுதுவது, அதைப் படிக்காமல் விட்டால் தவறுதான். வலைப்பதிவர் எனக்கென்று எழுதவில்லை. ஆனாலும் எண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆர்எஸ்எஸ்ஸை வளர்த்தவர்களில் ஒருவரான டேவ் வைனர் இதற்கு மாற்றாக முன்வைத்த வடிவத்துக்குச் 'செய்தி ஆறு' என்று பொருள்படும் பெயரை வைத்தார்: புதியது மேலே, பழையது கீழே, எண்ணிக்கை கிடையாது. தமிழ் வலைப்பதிவர்களின் ஓடையும் அவருடைய ஆறும் ஒரே மலையில் பிறந்தவை என்று எனக்குத் தோன்றும்.

துணைச்சொல் ஒன்றையும் பார்த்துவிட வேண்டும்: ஓடையைப் பின்தொடர்வதற்குச் சொல்லும் சந்தா. பாரசீகத்தில் 'சந்த்' என்றால் 'சில, எத்தனை', அதிலிருந்து வந்தது. தமிழில் அது பத்திரிகைக்குக் கட்டும் பணம். போன ஆவணியில் எங்கள் கட்டடத்துப் பையன்கள் கதவைத் தட்டி, "அங்கிள், கண்பதி கா சந்தா" என்றார்கள். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியார், "கணபதின்னு ஒரு பத்திரிகையா? மாதம் எவ்வளவுப்பா?" என்று தமிழிலேயே கேட்டார். இந்தியில் சந்தா என்றால் நன்கொடையும்தான். மராத்தியில் கேட்டிருந்தால் வர்கணி என்றிருப்பார்கள், குழப்பமே வந்திருக்காது.

சந்தாவை நிறுத்தினால் ரத்து. அது அரபி 'ரத்'திலிருந்து வந்தது, தள்ளிவிடுதல் என்று பொருள். மும்பையில் பழைய பேப்பருக்குச் சொல்லும் 'ரத்தி'யும் அதே வேர். மாட்டுங்காவில் பெரியப்பா வீட்டில் மூன்று வார இதழ்கள் தபாலில் வந்துகொண்டிருந்தன. பட்டை பிரிக்காமலே கட்டிலுக்கடியில் சேரும். ரத்திவாலா தராசைத் தூக்கிப் பிடிக்கும்போது பெரியப்பா ஓடி வந்து, "அந்தக் கட்டை மட்டும் விட்டுடு, இன்னும் படிக்கலை" என்பார். "போன தீபாவளிக்கும் இதையேதான் சொன்னேள்" என்பார் பெரியம்மா, கட்டைத் தராசில் ஏற்றிக்கொண்டே.

நான் செய்தது இவ்வளவுதான். எண்ணிக்கை காட்டுவதை அணைத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தலைப்பு தள்ளும் செய்தித்தளங்களின் சந்தாவை ரத்து செய்தேன்; பெரிய செய்தி என்றால் ரயிலிலேயே யாராவது சத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை எழுதுகிறவர்களை வைத்துக்கொண்டேன். அவர்கள் எழுதுவதுதான் கூட்டத்தில் காணாமல் போயிருந்தது.

ஊட்டம் என்ற சொல்லைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஃபேஸ்புக் 2006இல் தன் முகப்புக்கு நியூஸ் ஃபீட் என்று பெயர் வைத்தது. அங்கே எது நம் கண்ணில் படவேண்டும் என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் நிரல் முடிவு செய்கிறது, நாம் வாயைத் திறக்கிறோம். அதற்குச் செய்தியூட்டம் என்பது துல்லியமான பெயர். தீனி என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன். நாமே தேர்ந்து பின்தொடர்வதற்கு ஓடை.

எழுதும்போது: செய்தி + ஓடை, செய்தியோடை, பதிவு + ஓடை, பதிவோடை. ஓடைகளைச் சேர்ப்பது திரட்டி. 'ஓடையை ரத்து செய்' என்பது காதில் ஒட்டவில்லை. ரத்து செய்ய முடிவது சந்தாவை. ஓடை நாம் இல்லாமலும் ஓடும்.