சார்ஜரில் போட்ட டேப்லெட் ஏன் ஜிவ்வென்கிறது?

மன்னார்குடி பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சார்ஜில் இருக்கும்போது டேப்லெட்டின் பின்பக்கத்தைத் தடவினால் விரலில் ஜிவ்வென்று ஏறுகிறது. டெஸ்டர் வைத்தால் லேசாக எரிகிறது. மழைநாளில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் இன்னும் அதிகம். மகள் அதில்தான் பாடம் படிக்கிறாள். சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?"

லேசான ஜிவ்வு நல்ல சார்ஜரிலும் வரும். பளீரென்று அடித்து கையை உதற வைத்தால், யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி. சார்ஜர் அதை டிசியாக்கும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பினால், மறுபக்கம் 5 வோல்ட்டோ 9 வோல்ட்டோ கிடைக்கும். இது பள்ளிப் பாடம்தான்.

அழகு அடுத்ததில் இருக்கிறது. அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே கம்பித் தொடர்பே கிடையாது. ஆற்றல் காந்தப்புலமாகத் தாண்டுகிறது. சரி, வெளியே வோல்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று உள்பக்கத்துக்கு யார் சொல்வது? பல சார்ஜர்களில் ஒரு குட்டி எல்இடி ஒளிர்கிறது, எதிரே இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்து வேகத்தைச் சரிசெய்கிறது. உங்கள் உயிருக்கும் 325 வோல்ட்டுக்கும் நடுவே சேதி போவது ஒளியாக! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அந்த இடைவெளியை வேண்டுமென்றே கடக்கிற பாகம் ஒன்று உண்டு: ஒய் கெப்பாசிட்டர். வேகமாக வெட்டுவதால் எழும் மின் இரைச்சல் கேபிள் வழியே பரவி ரேடியோவையும் தொடுதிரையையும் கெடுக்காமல் இருக்க, அது திரும்பிப் போக இது வழிவிடுகிறது. அதே வழியில் வீட்டு மின்சாரமும் துளி கசியும். நல்ல வரப்பிலும் மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்குக் கொஞ்சம் ஊறத்தானே செய்கிறது, அதுபோல. 1 நானோஃபாரட் அளவுள்ள கெப்பாசிட்டர் என்றால், கசிவு அதிகபட்சம் 0.07 மில்லிஆம்பியர். ஐ.எஸ். 13252 என்ற இந்தியத் தரவிதி இத்தகைய சார்ஜருக்கு வைத்த எல்லை 0.25 மில்லிஆம்பியர். ஈரத் தரை உடம்பு வழியே மண்ணுக்குப் பாதையை எளிதாக்குவதால் மழைநாளில் கூடுதலாக உணர்கிறீர்கள்.

ஆபத்து, வரப்பில் நண்டு வளை விழுவதில்தான். முறையான ஒய்1 வகை 8,000 வோல்ட் மின்துடிப்பைத் தாங்கிச் சோதிக்கப்பட்டது; பழுதானாலும் பாதை அறுந்துபோகும்படி செய்யப்பட்டது. விலையைக் குறைக்க அந்த இடத்தில் சாதாரண கெப்பாசிட்டரை வைத்து, இடைவெளியையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சுருக்கிய சார்ஜர்கள் விற்பனையில் இருக்கின்றன. ஐப்பசி இடியில் லைனில் ஓர் எழுச்சி வந்தால், 230 வோல்ட் அப்படியே கேபிளில் நிற்கலாம்.

வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எடையும் பளபளப்பும் ஏமாற்றும். பிரித்துப் பார்க்கவும் வேண்டாம், கழற்றி வைத்த பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். சார்ஜரின் மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டு, வரும் நிறுவனப் பெயரும் பொருளும் கையிலிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். முத்திரையை யாரும் அச்சடிக்கலாம், அதனால் எண்ணைத் தேடாமல் வாங்காதீர்கள்.

வாட் அதிகமென்றால் பேட்டரி வெந்துவிடும் என்பது வீண் பயம். கருவியோடு பேசி வோல்ட்டை முடிவு செய்யும் 65 வாட் யுஎஸ்பி-பிடி வகைச் சார்ஜரும் முதலில் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். கருவி கேட்டால்தான் கூட்டும்.

தஞ்சை, திருவாரூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் பஸ் ஸ்டாண்ட் ஓரக் கடைகளில் சார்ஜர்களை வாங்கிச் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. மாணவர்களுக்கு அதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடைக்காது. அம்மாக்கள் டெஸ்டரை வைத்து ஊகிக்க வேண்டிய நிலையும் வராது.