உறைந்த சாளரத்தைக் கொல்வதற்கு முன்

“அண்ணா, சர்வீஸ் கருவி மறுபடியும் ஹேங் ஆகிவிட்டது. கில் -9 போட்டுவிட்டேன்” என்று தம்பி தொலைபேசியில் சொன்னபோது காலை பத்தேகால். சர்வரின் பின்னணியில் ஓடும் நிரல்களை, அதாவது சர்வீஸ்களை, பட்டியலிட்டு நிறுத்தவும் தொடங்கவும் உதவும் வரைகலைச் சாளரம்தான் அந்தக் கருவி. கில் -9 என்பது ஒரு நிரலை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கட்டளை. ஓசூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிற பையன். கெட்டிக்காரன்தான், பொறுமை மட்டும் சில்க் போர்டு சந்திப்பிலேயே தீர்ந்துபோய்விடுகிறது.

“எதைக் கொன்றாய்?”

“சாளரத்தை. அதன் கீழே ஏதோ ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, அதையும்.”

அந்த ‘ஏதோ ஸ்கிரிப்ட்’, அதாவது ஒரு கட்டளைக் கோப்பு, பில்லிங் சர்வீஸை மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தது. நிறுத்துகிற பாதி முடிந்திருந்தது. தொடங்குகிற பாதி முடியவில்லை. பாதியில் செத்த ஸ்கிரிப்ட் விட்டுப்போன, ‘இங்கே வேலை நடக்கிறது’ என்று குறிக்கும் பூட்டுக் கோப்பைத் தேடி நீக்கி, சர்வீஸை எழுப்பி உட்காரவைக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. அதுவரை கோரமங்களாவில் இருக்கும் அந்த அலுவலகத்தில் ஒரு பில்கூடப் போட முடியவில்லை.

நான் கேட்ட அடுத்த கேள்விக்கு அவன் சொன்ன பதிலில்தான் துப்பு இருந்தது. முதல் இரண்டு முறை பட்டியலே வராமல் சாளரம் சாம்பல் நிறமாகிவிட்டதாம், வலுக்கட்டாயமாக மூடினானாம். மூன்றாம் முறை திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால், பட்டியல் முழுதாக வந்திருந்ததாம். அப்படியானால் கருவி சாகவில்லை. யாருக்காகவோ காத்திருந்திருக்கிறது.

அந்த சர்வரில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ். அதற்கான ஆதரவு 2020 நவம்பர் 30-ஆம் தேதியே முடிந்துவிட்டது. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. அந்தக் காலத்து முறையில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. ‘நீ ஓடுகிறாயா?’ என்று வரிசையாக ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் வரைகலைக் கருவி பட்டியலை நிரப்பும். ஒன்று வாய் திறக்காவிட்டால் பின்னால் நிற்பவை எல்லாம் நிற்கும். பழி மட்டும் சாளரத்தின் மேல் விழும்.

கருவியை மறுபடி திறக்கச் சொல்லி, ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையால் அதன் கீழ் ஓடும் பிள்ளை நிரல்களைப் பார்த்தோம். கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தது, கணினியின் முழுப் பெயரைக் கேட்கும் ஹோஸ்ட்நேம் கட்டளை. ஒரு நிரல் என்ன செய்கிறது என்று வரி வரியாகக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியை அதன் மேல் ஓடவிட்டேன். 53-ஆம் போர்ட்டுக்கு ஒரு கேள்வி போகிறது. அடுத்த வரியில் ‘போல்’ (பதிலுக்குக் காத்திருப்பு), 5000 (மில்லி விநாடி), ‘டைம்அவுட்’. ஐந்து விநாடி மௌனம். மீண்டும் அதே வரி. தம்பி அதை மூன்று முறை பார்த்துவிட்டு, “டிஎன்எஸ்ஸா அண்ணா?” என்றான்.

அதேதான். பெயருக்கு எண் முகவரி சொல்லும் சேவை, 53 அதன் வாசல் எண். அலுவலகத்தின் இணைய இணைப்பை மாற்றியபோது பழைய டிஎன்எஸ் சர்வர்கள் இரண்டும் போய்விட்டன. அவற்றின் முகவரிகள் மட்டும், எந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் கோப்பில் குந்தியிருந்தன. ஒரு முகவரிக்கு ஐந்து விநாடி, இரண்டு முயற்சி, இரண்டு முகவரிகள்: ஒரு கேள்விக்கு 20 விநாடி. நிறுவனத்தில் யாரோ எழுதிவைத்த ஆறு ஸ்கிரிப்டுகள் ஆளுக்கொரு முறை பெயர் கேட்டன. ஆக இரண்டு நிமிடம். தம்பியின் பொறுமை நாற்பது விநாடி. ரிசால்வ் கோப்பில் சரியான முகவரிகளையும், பெயர்–முகவரிகளை நேரடியாகக் குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் சொந்தப் பெயரையும் எழுதியதும் பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது.

புதிய இயந்திரங்களில் கதை வேறு. சென்ட்ஓஎஸ்ஸின் மூலமான ரெட்ஹாட் லினக்ஸின் 7-ஆம் பதிப்பு வந்த 2014 முதல் அங்கே பொறுப்பு, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரலிடம். வரைகலைக் கருவி அதனிடம் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு நிற்கும், அவ்வளவே. சாளரத்தை மூடினால் கோரிக்கை திரும்பி வராது. உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். சிஸ்டம்டியிடம் பேச உதவும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையிடம் நிலுவை வேலைகளின் பட்டியலைக் கேட்டால் எது யாருக்காக நிற்கிறது என்று தெரியும். ‘நான் தயார்’ என்று அறிவிக்க வேண்டிய சர்வீஸ் அறிவிக்காமல் இருந்தால், இயல்பான அமைப்பில் 90 விநாடி பொறுத்துத்தான் சிஸ்டம்டி கைவிடும். அதற்குள் மூன்று முறை பொத்தானை அழுத்திவிட்டுக் கருவியைத் திட்டுகிறவர்கள் உண்டு. கடவுச்சொல் கேட்கும் சிறிய பெட்டி பெரிய சாளரத்தின் பின்னால் ஒளிந்திருக்க, அரை மணி நேரம் பிழை தேடியவர்களும் உண்டு (நானும் ஒருவன்). டெர்மினலில் நிலையைக் கேட்டுவிட்டு ‘இதுவும் ஹேங்’ என்பவர்களுக்கு: அது பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல், ‘க்யூ’ விசையை அழுத்துங்கள்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் எனக்கே பயம் வரும். பிஎஸ் காட்டும் நிலைப் பத்தியில் ‘டி’ (D) என்ற எழுத்து அசையாமல் நின்றால், அந்த நிரல் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் வட்டுக்காகவோ வேறு வன்பொருளுக்காகவோ காத்திருக்கிறது. கில் -9 கூடப் பெரும்பாலும் அதன் காதில் ஏறாது. அப்போது கர்னல் பதிவுகளைப் படிக்க வேண்டும். வட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அன்று மாலை தம்பி மற்ற சர்வர்களையும் துழாவினான். அதே செத்த முகவரிகள் இன்னும் ஐந்தில் இருந்தன. நான்கைத் திருத்திவிட்டான். ஐந்தாவதன் ரூட் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) கடவுச்சொல் யாரிடமும் இல்லை.