அமெரிக்கா போகும் அப்பா, அம்மாவின் சிபாப் மெஷின்: கைப்பைக் கணக்கில் சேராது

சென்னை விமான நிலையம், செக்-இன் கவுன்ட்டர். அப்பாவின் கைப்பை தராசில் 6.8 கிலோ காட்டியது. கவுன்ட்டரில் இருந்த பெண், அவர் தோளில் தொங்கிய, தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷின் இருந்த சாம்பல் நிறப் பையைப் பார்த்துவிட்டு, "அதையும் மேல வைங்க சார். ஏழு கிலோ தாண்டினா லக்கேஜ்ல போட்டுடணும்" என்றார். அப்பா எதிர்த்துப் பேசாதவர். உடனே குனிந்து பெட்டியின் ஜிப்பைத் திறக்கப் போனார். மெஷினைத் தனிப் பையாக ஏற்பதாக மூன்று நாள் முன்பே அந்த விமான நிறுவனத்திடமிருந்து வாங்கி வைத்திருந்த மின்னஞ்சலைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்கு இந்த மெஷின் இல்லாமல் ஒரு ராத்திரி கழிவதே பெரும்பாடு. பெட்டி வந்து சேரத் தாமதமானால் என்ன செய்வது? அதனால் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் ஒவ்வொரு பெற்றோரும் இந்த விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உடற்குறை, நோய் உள்ள பயணிகளிடம் விமான நிறுவனங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்கா 1986-இல் சட்டம் இயற்றியது. அதன் கீழ் வரும் விதித் தொகுப்புக்கு 'பகுதி 382' என்று பெயர். 2009 மே மாதத்திலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களும், அதாவது அமெரிக்க நிறுவனம் அல்லாதவையும், இதற்குக் கட்டுப்பட்டவை. மருத்துவத் துணைக் கருவிகளைக் கைப்பை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. மூச்சுக் கருவிகளுக்கான பிரிவில் சிபாப் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. கட்டணமும் கிடையாது. ஒன்று மட்டும்: அந்தப் பையில் மெஷினும் அதன் சாமான்களும்தான் இருக்க வேண்டும். புடவையும் ஊறுகாயும் சேர்ந்தால் அது சாதாரணப் பைதான்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெளிநாட்டு நிறுவனம் என்றால், அமெரிக்க மண்ணில் புறப்படும் அல்லது இறங்கும் விமானத்துக்குத்தான் இந்த விதி. சென்னையிலிருந்து தோஹாவோ துபாயோ போய் அங்கே விமானம் மாறினால், முதல் விமானத்தில் அந்த நிறுவனம் வைத்திருப்பதுதான் சட்டம். ஆகவே டிக்கெட் போட்ட கையோடு நிறுவனத்துக்கு எழுதி, "தனிப் பையாக ஏற்றுக்கொள்கிறோம்" என்ற பதிலை வாங்கி அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னதைக் கவுன்ட்டரில் காட்ட முடியாது. மருத்துவர் கடிதமும் கூட இருக்கட்டும்.

விமானத்துக்குள்ளேயே மெஷினைப் போட்டுத் தூங்க நினைத்தால் வேலை கூடும். 48 மணி நேரம் முன்பே தெரிவிக்கச் சொல்லவும், பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி கேட்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. 16 மணி நேர விமானம் என்றால் 24 மணி நேரத்துக்கான பேட்டரி. இருக்கை பிளக்கை நம்பிப் போகாதீர்கள். மெஷினில் காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் அதிக மின்சாரம் இழுக்கும், அதை அணைத்துவிட்டால் பேட்டரி நெடுநேரம் தாங்கும்.

லித்தியம் பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணியில் சொல்வார்கள்; 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், உபரியாக இரண்டுதான் கொண்டு போகலாம். பேட்டரியின் மேல் வாட்-மணி போடவில்லையென்றால் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி என்றால் 97.68. உபரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.

அமெரிக்க விமான நிலையச் சோதனையில் மெஷினைப் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்கள். மாஸ்க்கும் டியூபும் உள்ளேயே இருக்கலாம். தட்டில் எத்தனையோ பேரின் சாமான் பட்டிருக்கும், மூச்சுவிடும் கருவி அதன் மேல் படக் கூடாது. சுத்தமான பிளாஸ்டிக் பை ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு போய், மெஷினை அதற்குள் போட்டுத் தட்டில் வையுங்கள்.

அமெரிக்கா போகிற, அங்கிருந்து திரும்புகிற விமானத்தில் மெஷினை மறுத்தால் கத்திப் பயனில்லை. "சி.ஆர்.ஓ. வேண்டும்" என்று கேளுங்கள். இந்த விதி தொடர்பான புகாரைத் தீர்க்க ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டிய அதிகாரி அவர். நேரில் இல்லாவிட்டாலும் தொலைபேசியில் பேச வைக்க வேண்டும். தீராவிட்டால் 45 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். நிறுவனம் 30 நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும்.

பெரும்பாலான மெஷின்களின் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கும். அப்படியானால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், இரண்டு தட்டை முள் உள்ள பிளக் மாற்றி போதும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஹியூமிடிஃபையரின் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து துடைத்துவிடுங்கள். மிச்சத் தண்ணீர் பையில் சாய்ந்து மெஷினுக்குள் இறங்கினால் ஊர் போய்ச் சேரும்போது அது ஓடாது. அந்தத் தொட்டியில் ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அமெரிக்காவில் மளிகைக் கடையிலேயே கேலன் கணக்கில் கிடைக்கும்.