பெருங்குடலுக்கும் பசிக்கும்

"டாக்டர், நல்ல பாக்டீரியா மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறும் ரசமும் அப்பளமும், இரவு தோசை. காய் பேருக்கு ஒரு கரண்டி. பாக்டீரியாவுக்குக் குறைவில்லை, அதற்குத் தீனிதான் இல்லை.

சிறுகுடலில் செரிக்காத நார்ச்சத்தும் ஒருவகை மாவுச்சத்தும் பெருங்குடலுக்கு வந்ததும் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. கொழுப்பு என்றதும் கொலஸ்ட்ராலை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெருங்குடல் உட்சுவர் செல்களின் சக்தியில் சுமார் 70 சதவீதம் பியூட்டிரேட்டிலிருந்து கிடைக்கிறது.

அறுவை சிகிச்சை செய்து, மலம் வெளியேற வயிற்றில் பை பொருத்தியவர்களிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மலம் போகாமல் சும்மா கிடக்கும் குடலின் கீழ்ப்பகுதிக்குள் எண்டோஸ்கோப்பை விட்டால், பலருக்குச் சுவர் சிவந்திருக்கும், தொட்டாலே ரத்தம் கசியும். இந்த அமிலங்கள் கிடைக்காமல் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். குடலை மறுபடி இணைத்ததும் பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

இந்த அமிலங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளப் பெருங்குடலுக்கு இவை உதவுகின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை வைத்தே காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலில், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கரைசலில் சராசரியாக ஏறக்குறைய 90 மணி நேரம் நீடித்த வயிற்றுப்போக்கு, இதில் 57 மணி அளவில் நின்றது. 2000-ல் வெளியான ஆய்வு. நம்மூரிலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

சரி, என்ன சாப்பிடலாம்? கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கீரை, வாழைத்தண்டு, வாழைக்காய், கேழ்வரகு. சோறு ஆறும்போதும் செரிக்காத மாவு கொஞ்சம் கூடுகிறது. அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் பழைய சோற்றை அளவில்லாமல் சாப்பிடக் கூடாது. மாத்திரையைவிட ஒரு கிண்ணம் சுண்டலுக்கே என் ஓட்டு.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு உப்பி, "உங்க சுண்டலே வேண்டாம்" என்று திரும்பி வருவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்து. குடலில் குறுகல் இருப்பவர்களும், அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம் என்று அவதிப்படுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. அப்புறம், மலத்தில் ரத்தம் போனாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ வாழைத்தண்டை நம்பி நாளைக் கடத்தாமல் பரிசோதனைக்கு வாருங்கள்.