எவரெஸ்ட் அடிவாரம்: கால்களுக்கு முன்னால் நுரையீரலுக்கு நாள் ஒதுக்குங்கள்

நேபாளத்தின் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் நடந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போய்வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது, விடியற்காலையில் எழுந்து ஓடத் தொடங்குவது. அப்புறம் மாடிப்படி ஏறுவார்கள், நல்ல ஷூ வாங்குவார்கள், முதுகுப்பையில் எடை வைத்து நடந்து பழகுவார்கள். எல்லாமே தேவைதான். ஆனால் அந்தப் பாதையில் நோயில் விழுபவர்களில் பலர் நல்ல உடல்வலிமை உள்ளவர்கள். அவர்களுடைய கால்கள் சோர்ந்துபோகவில்லை. பயணத் திட்டத்தில் நாட்கள் போதவில்லை, அவ்வளவுதான்.

1976இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் மிகத் தாழ்வான இடமே 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். நம் ஊர் மலைகளில் எவ்வளவு நடந்து பழகியிருந்தாலும், அந்தப் பூங்காவின் வாசலிலேயே நம் உடம்பு அறியாத உயரம் தொடங்கிவிடுகிறது. அடிவார முகாம் இருப்பது 5,364 மீட்டரில்.

மேலே போகப் போக ஆக்சிஜன் குறைகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது 760 மில்லிமீட்டர் பாதரசம். அடிவார முகாமில் ஏறக்குறைய அதில் பாதி. நுரையீரலின் காற்றறைகளிலிருந்து ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது இந்த அழுத்தம்தான். அது பாதியானால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜனும் பாதியாகிறது. அதை ரத்தத்துக்குள் செலுத்தும் விசையும் தளர்கிறது.

உடம்பு இதை உடனே கண்டுகொள்கிறது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டிச் சின்னஞ்சிறு உணரிகள் இருக்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் ஆகிறது. இதயமும் விரைகிறது. சரி, அதிகம் மூச்சு விட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று தோன்றும். இங்கேதான் ஒரு சிக்கல்.

வேகமாக மூச்சுவிடும்போது ஆக்சிஜன் உள்ளே வருவதோடு கார்பன் டை ஆக்சைடும் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ரத்தத்தில் அமிலத்தன்மையைத் தக்கவைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அது குறைந்தால் ரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது. மூளையின் மூச்சு மையமோ ஆக்சிஜனைவிடக் கார்பன் டை ஆக்சைடைத்தான் கூர்ந்து கவனிக்கும். ‘இது குறைந்துவிட்டதே, மூச்சு போதும்’ என்று அது பிரேக் போடுகிறது. கழுத்து உணரிகள் ஆக்சிலரேட்டரை மிதிக்க, மூளை பிரேக்கை மிதிக்கிறது. இந்த இழுபறி தூக்கத்தில் நன்றாகத் தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவர் நாலைந்து முறை பெருமூச்சு விட்டுச் சில வினாடிகள் மூச்சே இல்லாமல் கிடப்பார், பிறகு திடுக்கென்று மறுபடி தொடங்குவார். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த உயரத்தில் இது பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான்.

இந்தப் பிரேக்கை விடுவிப்பவை சிறுநீரகங்கள். ரத்தத்தில் மிஞ்சிய காரப்பொருளான பைகார்பனேட்டை அவை சிறுநீரில் வெளியேற்றுகின்றன. அப்போதுதான் உடம்பு தடையில்லாமல் வேகமாக மூச்சுவிட முடிகிறது. சிறுநீரகங்கள் இதைச் செய்து முடிக்கச் சில நாட்கள் ஆகும். எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும் அந்த நாட்களைச் சுருக்க முடியாது. மலையில் வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீர் போனால் கவலைப்பட வேண்டாம். வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

சிவப்பணுக்கள் பெருகுவதால்தான் உடம்பு பழகுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அதைத் தூண்டும் ஹார்மோன் சில மணி நேரத்திலேயே சுரக்கத் தொடங்குவது உண்மை. ஆனால் சிவப்பணுக்கள் போதிய அளவு கூடுவதற்கு வாரங்கள் ஆகும். அதற்குள் நம் பயணமே முடிந்து ஊர் திரும்பியிருப்போம். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஷெர்பா மக்களின் உடலோ வேறு வழியில் தகவமைந்திருக்கிறது. ஈபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் அவர்களிடம் பரவலாக இருக்கிறது. அதனால் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் கெட்டியாவதில்லை. வழிகாட்டி பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுகிறார் என்பதற்காக அவருடைய வேகத்தில் ஏற நினைக்கக் கூடாது.

இனி நாள் கணக்கு. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இன்று தூங்கும் இடத்துக்கும் நாளை தூங்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னொரு இரவு தங்க வேண்டும். மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதைத்தான். விமானத்தில் லுக்லா என்ற மலையூரில் இறங்கி நடப்பவர்கள் நாம்சே பஜாரில் (3,440 மீட்டர்) இரண்டு இரவு, டிங்போச்சேயில் (4,410 மீட்டர்) இரண்டு இரவு தங்குவது இதற்காகத்தான். அப்படிக் கூடுதலாகத் தங்கும் நாளில் போர்வைக்குள் முடங்கிக் கிடக்கக் கூடாது. நாம்சேயிலிருந்து மேலே 3,880 மீட்டர் வரை ஏறி, எவரெஸ்டைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து தூங்குவது நல்லது. பகலில் கிடைக்கும் அந்தக் கூடுதல் உயரம் உடம்பை உசுப்பும், இரவில் அது ஓய்வெடுக்கும்.

உடல்வலிமை உள்ளவர்கள் சிக்குவது இங்கேதான். கால்கள் ஒத்துழைப்பதால், இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் கடந்துவிடலாம் என்று தோன்றும். சிறுநீரகங்களுக்கு அந்த அவசரம் தெரியாது. தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி என்று உயர நோய் தொடங்கும். இந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். மறைத்துக்கொண்டு ஏறினால் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று, மூளை வீங்குவது: பேச்சு குழறும், நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடும். மற்றொன்று, நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது. இரண்டுமே உயிரைக் கொண்டுபோகும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், துணைக்கு ஆளை வைத்துக்கொண்டு உடனே கீழே இறங்க வேண்டும்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தலைவலியை மறைக்கும் மருந்தல்ல. பைகார்பனேட்டை வெளியேற்றும் அதே வேலையைச் சிறுநீரகங்களைக் கொண்டு விரைவாகச் செய்யவைக்கிறது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கிளம்பும் முன்பே இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரையையும் மதுவையும் தொடவே கூடாது. ஏற்கெனவே தடுமாறும் இரவு மூச்சை அவை இன்னும் மந்தமாக்கும்.

மூட்டை கட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்பதால் ஒரே தடிமனான கோட்டுக்குப் பதில், கழற்றி மாட்டும்படி மூன்று அடுக்காக உடை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போகப் புற ஊதாக் கதிர் கூடும், பனி அதைத் திருப்பியும் அடிக்கும், ஆகவே நல்ல கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

கடைசியாகப் பயணச்சீட்டு. லுக்லாவில் மேகம் மூடினால் விமானங்கள் பறப்பதில்லை, சில சமயம் நாள் கணக்கில். அதனால் ஊர் திரும்பும் தேதிக்கு முன்னால் இரண்டு மூன்று நாட்களைக் காலியாக விட்டு முன்பதிவு செய்யுங்கள். டிங்போச்சேயில் காலையில் எழுந்தும் தலைவலி விடவில்லை என்றால், அங்கேயே இன்னொரு நாள் தங்குவதற்கும் அந்தக் காலி நாட்களிலிருந்துதான் எடுத்துக்கொள்ள முடியும்.