ரயில் பெட்டி விடுதியை வாங்கும் முன் அதன் அடிச்சட்டத்தைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்று ரயில் நிலையம் இல்லை. திருப்பத்தூரிலிருந்து இங்கு வந்த குறுகிய ரயில் பாதையும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை சென்ற பாதையும் 1941-ஆம் ஆண்டுக்குள் மூடப்பட்டுவிட்டன. அதனாலோ என்னவோ, மாந்தோப்பின் நடுவே பழைய ரயில் பெட்டியை நிறுத்தி, உள்ளே அறைகள் அமைத்து, காலை உணவோடு வாடகைக்கு விடலாம் என்றால் இப்பகுதியில் பலருக்கும் ஆசை பிறக்கிறது. கட்டடப் பொறியாளராகவும் சொத்து மதிப்பீட்டாளராகவும் இத்தகைய இடங்களைப் பார்வையிடும்போது, வாங்க வருபவர்கள் மரவேலைப்பாட்டை நெடுநேரம் ரசித்துவிட்டு, ஒருமுறைகூடக் குனிந்து பெட்டியின் அடியைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடுவது எனக்குக் கவலை அளிக்கிறது.

ரயில்வே, பயன்பாட்டிலிருந்து நீக்கிய தன் பெட்டிகளை மின்னணு ஏலத்தில் விற்கிறது. ஏலம் எடுத்தவரிடமிருந்து இன்றைய உரிமையாளர் வரை விற்பனை ஆணை, டெலிவரி ஆர்டர், ஜி.எஸ்.டி. பில் ஆகியவை இடையறாமல் தொடர வேண்டும். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருத்தல் குறித்த 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருட்டுப் பொருள் என்று நியாயமான சந்தேகத்துக்கு உள்ளான ரயில்வே பொருளை வைத்திருப்பவர், அது தம்மிடம் முறையாக வந்ததென்று தாமே நிரூபிக்க வேண்டும். இயலாவிட்டால் முதல் குற்றத்துக்கே 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பெட்டி நிற்கும் தண்டவாளத் துண்டுக்கும் இது பொருந்தும். கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் மட்டும் எழுதிவிட்டுப் பெட்டியைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விடும் வழக்கத்தைப் பார்க்கிறேன். பெட்டியின் எண்ணோடு அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலை 2018-ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை தயாரித்த பழைய வகைப் பெட்டிகள் ஏறத்தாழ 21 மீட்டர் நீளமும் 3.25 மீட்டர் அகலமும் கொண்டவை. அவற்றில் துரு எங்கே பிடிக்கும் என்பது ரயில்வே பணிமனைகளில் வேலை செய்தவர்களுக்கு நன்கு தெரியும்: கழிப்பறைக்குக் கீழுள்ள தரைத்தகடு, கதவோரத் தூண்கள், அடிச்சட்டத்தின் பக்கவாட்டில் நீளும் இரும்பு உத்தரமான சோல்பார். விடுதியாக மாற்றுபவர்கள் பெரும்பாலும் அதே இடத்திலேயே குளியலறையைக் கட்டி, தரைமேல் பிளைவுட் போட்டு மூடி, வெளியே புதுப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். ஆகவே பிளைவுட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்றும் அரித்த தகடு மந்தமாகவும் ஒலிக்கும். சந்தேகம் எழும் இடத்தில் அல்ட்ராசோனிக் கருவியால் தடிமனை அளக்க வேண்டும். மிகப் பழைய பெட்டிகளின் சுவருக்குள் வெப்பத்தடுப்பாக, நுரையீரலுக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் எதையும் பிரிக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது அறைத் தடுப்புதான். ஓடும் ரயிலில் பெட்டியின் இரு முனைகளுக்கும் நடந்து வெளியேறலாம். அதையே குறுக்கே தடுத்து அறைகளாக்கி, ஜன்னல் கம்பிகளையும் அழகுக்காக அப்படியே விட்டுவைத்தால், ஃபோம் மெத்தையும் ரெக்சினும் தீப்பற்றும்போது நடு அறையில் உறங்குபவர் எப்படி வெளியே வருவார்? ஒவ்வொரு அறைக்கும் நேரடியாக வெளியே திறக்கும் கதவும், உள்ளிருந்து திறக்கக்கூடிய கம்பியில்லாத ஜன்னலும் வேண்டும். பெட்டியின் உடல் முழுதும் இரும்பாக இருப்பதால், ஒரு ஒயரின் உறை கிழிந்தால் பெட்டி முழுவதிலும் மின்சாரம் பாயக்கூடும். முறையான எர்த்தும், அறைதோறும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இல்லாத விடுதியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் அது நீங்காது. சமையலுக்கு எந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் அதிகபட்சம் 6 அறைகள், 12 படுக்கைகள். உரிமையாளரும் அங்கேயே வசிக்க வேண்டும். பெங்களூரில் குடியிருந்துகொண்டு ஆள்வைத்து நடத்த நினைப்பவர் அதில் சேர முடியாது. வணிக விடுதிக்குரிய அனுமதிகளையே பெற வேண்டும். விற்பவர் காட்டும் வருமானக் கணக்கை மாதவாரியாகக் கேட்டு வாங்குங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும்; அந்த வழியிலுள்ள விடுதியாக இருந்தால், தடை இருந்த வாரங்களில் எத்தனை அறைகள் நிரம்பின என்பதைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.