அளவு மாறவில்லை என்றால் கோப்பு வந்து முடிந்ததாக அர்த்தமா?

இரவில் எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை வழியாக ஒரு விற்பனைக் கோப்பு வரும். முழுதாக வந்ததும் டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். இதற்கென்று எழுதி என்னிடம் பார்வைக்கு வரும் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலும் ஒரே வழிதான்: அளவைப் பார், 30 நொடி தூங்கு, மறுபடி பார். மாறவில்லையா, முடிந்தது.

நெட்வொர்க் ஒரு நிமிடம் திணறினாலும் அளவு நகராது. இணைப்பு பாதியில் அறுந்துபோனால் என்றைக்குமே நகராது! அப்படி அறுந்த சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பு) பிழை காட்டாமலே போகலாம் என்பதுதான் வில்லங்கம். கடைசி வரியில் 12500 என்று இருக்க வேண்டியது 125-ஓடு நின்றிருக்கும். எண்தானே, டேட்டாபேஸ் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

சரி, கோப்பை யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா என்று எல்எஸ்ஓஎஃப் கட்டளை போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். எழுதி மூடியதும் தகவல் சொல்ல லினக்ஸில் ஐநோட்டிஃபை என்ற வசதியும் உண்டு. இரண்டும் அளவைப் பார்ப்பதைவிட மேல்தான். ஆனால் இணைப்பு அறுந்தாலும் சர்வர் கோப்பை மூடத்தான் செய்யும். மூடியது முழுசா அரைகுறையா என்று சொல்லாது. நெட்வொர்க் வழியாகப் பல இயந்திரங்கள் பகிரும் என்எஃப்எஸ் ஃபோல்டரில் வேறு இயந்திரம் எழுதினால் இங்குள்ள ஐநோட்டிஃபைக்குச் சேதியே வராது.

முடிந்ததா என்பது அனுப்புகிறவருக்குத்தான் தெரியும். அதனால் அவரையே சொல்ல வைப்பது நல்லது. கோப்பை '.பார்ட்' என்ற பின்னொட்டோடு ஏற்றி, முடிந்ததும் உண்மையான பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். வட்டின் வேறு பார்ட்டிஷனுக்கு எம்வி கட்டளையால் நகர்த்தினால் அது நகலெடுத்து அழிக்கிற வேலை. பழைய சிக்கல் அப்படியே திரும்பிவிடும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி பெயர் மாற்றத்தைத் தானாகவே செய்கிறது: புள்ளியில் தொடங்கும் தற்காலிகப் பெயரில் எழுதி, கடைசியில் மாற்றும். யாராவது 'இன்பிளேஸ்' ஆப்ஷனைச் சேர்த்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. கோப்புப் பட்டியல் தரும் பைத்தானின் லிஸ்ட்டிர், அரைகுறையாக இருக்கும் அந்தப் புள்ளிக் கோப்புகளையும் எடுத்துக் கொடுக்கும், அதையும் கவனியுங்கள்.

பெயர் மாற்ற முடியாது என்றால், கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற ஷா-256 மதிப்பை ஒரு சின்னக் கோப்பில் கேளுங்கள். அந்தச் சின்னக் கோப்பு தரவுக் கோப்பு முடிந்த பிறகே கிளம்ப வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட் அது வரும்வரை காத்திருந்து, மதிப்பை ஒப்பிட்ட பிறகே ஏற்றட்டும். விடிகாலை 4 மணிக்குள் வராவிட்டால் யாருக்காவது மின்னஞ்சல் போகட்டும், சும்மா சுற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

இரண்டுக்கும் மசியாதவர்களிடம் ஜிஜிப்பால் சுருக்கியாவது அனுப்பச் சொல்கிறேன். அதன் வாலில் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு மதிப்பும் மூல அளவும் இருப்பதால், பாதியில் நின்ற கோப்பு ஜிஜிப்பின் சோதனைக் கட்டளையில் மாட்டிக்கொள்ளும்.